கண்ணாடிக்கு யார் காசு கொடுப்பது?

போன வருஷம் மகனைக் கண் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பலகையில் எழுதுவதைப் பார்க்காமல் பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்துத்தான் எழுதுகிறான் என்று பள்ளியிலிருந்து இரண்டு முறை சொல்லிவிட்டார்கள். வீட்டில் கேட்டால் "நல்லாத்தான்மா தெரியுது, அந்த மிஸ் எழுத்து சின்னது" என்பான். நானும் நம்பிவிட்டேன். பரிசோதிக்கிற பெண் எழுத்துப் பலகையைக் காட்டி மேலிருந்து படிக்கச் சொன்னாள். மூன்று வரி சரியாகப் படித்தான். நாலாவது வரிக்கு வந்ததும் கழுத்து முன்னால் நீண்டது, கண் இடுங்கியது, வாய் மட்டும் சத்தமில்லாமல் எதையோ முணுமுணுத்தது. "கண்ணைச் சுருக்காம படிப்பா" என்றாள். அதற்கப்புறம் அவன் ஒரு எழுத்தும் சொல்லவில்லை. பழைய கண்ணாடியைக் கழற்றிக் கையில் வாங்கியபோதுதான் பார்த்தேன், பிரேமின் ஒரு பக்கம் உடைந்து பசை வைத்து ஒட்டியிருந்தது. ஒட்டியது அவனேதான். எப்போது உடைந்தது என்றுகூட எனக்குத் தெரியாது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது கேட்டான்: "இதை அப்பாகிட்ட சொல்லணுமா?"

"சொல்லணும். ஏன்டா?"

"இல்ல, போன தடவை மாதிரி ஆயிடும்ல."

போன தடவை என்று அவன் சொன்னது பல்லுக்கு கிளிப் போட்ட விஷயம். அவனுடைய அப்பாவும் நானும் போனில் முக்கால் மணி நேரம் சண்டை போட்டோம். அவன் தூங்கிவிட்டான் என்று நினைத்து நான் குரலை உயர்த்தினேன். அவன் தூங்கவில்லை. தன் பல்லால்தான் சண்டை என்று அவன் மனதில் பதிந்துவிட்டது, அதனால்தான் கண்ணை மறைத்தான். பதிமூன்று வயதுப் பையன், அம்மா அப்பாவுக்கு நடுவில் ஒரு சண்டை வரக்கூடாது என்பதற்காக மாதக்கணக்கில் மங்கலாகப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான்.

அந்த பெஞ்சிலிருந்து எழுந்த பிறகு நாங்கள் செய்த வேலையைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். பிரிந்து வாழ்கிற பெற்றோர் எத்தனையோ பேர் இதே இடத்தில் மாட்டிக்கொண்டு இருக்கிறார்கள், யாரும் விவரமாகப் பேசுவதில்லை.

நாங்கள் பிரிந்து ஆறு வருஷம் ஆகிறது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மாதாமாதம் வரவேண்டிய பராமரிப்புத் தொகையை அவர் ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை. எங்களுக்குள் வந்த சண்டை அத்தனையும் அந்தத் தொகைக்கு வெளியே இருந்த செலவுகளால் வந்தவை. பல், கண்ணாடி, கீபோர்டு வகுப்பு, பள்ளிச் சுற்றுலா, லேப்டாப். மாதத் தொகை எவ்வளவு என்று ஒரு தடவை உட்கார்ந்து பேசி எழுதியாகிவிட்டது. மற்றதைப் பற்றி எங்கள் ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: "குழந்தையின் இதர அவசியச் செலவுகளை இருவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும்." கையெழுத்துப் போடும்போது நல்ல வரியாகத்தான் தெரிந்தது. ஆனால் எது இதரம், எது அவசியம், எவ்வளவு பங்கு, யாரிடம் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும், எத்தனை நாளில் கொடுக்க வேண்டும், எதுவுமே அதில் இல்லை. ஒவ்வொரு செலவுக்கும் நாங்கள் அந்த ஒரு வரிக்குப் புதிதாக அர்த்தம் கண்டுபிடித்துச் சண்டை போட்டோம்.

மாதத் தொகை என்பது ஒரு சராசரிக் கணக்கு. பெற்றோரின் வருமானம், எத்தனை பிள்ளைகள், பிள்ளை யாரிடம் எத்தனை நாள் இருக்கிறது, இவற்றை வைத்துத்தான் பெரும்பாலான இடங்களில் போடுகிறார்கள். சாப்பாடு, தங்கும் இடம், துணிமணி, தினசரிப் போக்குவரத்து, சாதாரண நோட்டுப் புத்தகம் எல்லாம் அதற்குள் அடக்கம். எந்தப் பிள்ளைக்குப் பல் கோணலாக முளைக்கும், எந்தப் பிள்ளைக்குப் பேச்சுப் பயிற்சி தேவைப்படும், யாருக்கு நீச்சலில் நல்ல கை இருக்கும் என்று அந்தக் கணக்குக்குத் தெரியாது. அதனால் அதற்கு மேல் ஒன்று வரத்தான் செய்யும். அப்படி வரும்போது கேட்கிறவர் பேராசைக்காரரும் இல்லை, தயங்குகிறவர் கல்நெஞ்சக்காரரும் இல்லை. கணக்கில் அந்த இடம் காலியாக விடப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். இது எனக்குப் புரிய ஐந்து வருஷம் ஆனது.

கண் பரிசோதனைக்கு அப்புறம் மற்ற நாடுகளில் இதை எப்படி எழுதி வைத்திருக்கிறார்கள் என்று ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து படித்தேன். கனடாவில் விவாகரத்து வழக்குகளுக்கென்று 1997-ல் நடைமுறைக்கு வந்த குழந்தைப் பராமரிப்பு விதிகள் இருக்கின்றன. அதில் 7-வது பிரிவு முழுக்க இந்தக் கூடுதல் செலவுகளுக்கு. பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவர் வேலைக்குப் போவதால் ஆகும் காப்பகச் செலவு, மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தில் பிள்ளையின் பங்கு, காப்பீடு கொடுத்தது போக மிஞ்சும் மருத்துவச் செலவு, வழக்கத்துக்கு மேலான பள்ளிச் செலவு, மேற்படிப்பு, வழக்கத்துக்கு மேலான கலை, விளையாட்டுச் செலவு என்று வரிசையாக இருக்கிறது. மருத்துவத்தில் பல் சீரமைப்பு, கண்ணாடி, பேச்சுப் பயிற்சி, மனநல ஆலோசனை எல்லாம் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். கண்ணாடி என்ற சொல்லை அந்தப் பட்டியலில் பார்த்தபோது எனக்கு என்னமோ செய்தது. நாங்கள் வருஷக்கணக்கில் எதைப் பற்றிக் கத்திக்கொண்டு இருந்தோமோ அதை யாரோ நிதானமாக யோசித்து எழுதி வைத்துவிட்டிருக்கிறார்கள்.

பட்டியலைவிட அந்த விதிகள் கேட்கச் சொல்கிற கேள்விகள்தான் எனக்கு அதிகம் உதவின. இந்தச் செலவு பிள்ளையின் நலனுக்குத் தேவையா? இரண்டு பேருடைய வசதிக்கும் இது நியாயமா? பிரிவதற்கு முன்னால் இந்தக் குடும்பம் எப்படிச் செலவு செய்து பழகியிருந்தது? இந்த மூன்றாவது கேள்வியை நான் யோசித்ததே இல்லை. சேர்ந்து இருந்தபோதே பிள்ளை பாட்டு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தால், பிரிந்த பிறகு அதை ஆடம்பரம் என்று சொல்ல முடியாது. சேர்ந்து இருந்தபோது கனவிலும் நினைக்காத ஒரு செலவைப் பிரிந்த பிறகு ஒருவர் மட்டும் முடிவு செய்து மற்றவர் தலையில் கட்டவும் முடியாது.

இதில் என் தப்பு ஒன்று இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். மகனைக் கீபோர்டு வகுப்பில் சேர்த்தது நான். அவனுக்கு ஆசை, எனக்கும் ஆசை, வகுப்பில் ஒரே ஒரு இடம்தான் பாக்கி என்றார்கள். சேர்த்துவிட்டு, கீபோர்டும் வாங்கிவிட்டு, பில்லைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன், பாதி அனுப்புங்கள் என்று. ஒரே வரியில் பதில் வந்தது: "என்னைக் கேட்டியா?" அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை, பிள்ளை சங்கீதம் படிப்பதற்குக்கூட அனுமதி வாங்க வேண்டுமா என்று என் அக்காவிடம் அழுதேன். இப்போது யோசித்தால் அவர் கேட்டது சரி. அவர் பணத்தைச் செலவழிக்க நான் முடிவெடுத்தேன், முடிவில் அவருக்குப் பங்கில்லை, பில்லில் மட்டும் பங்கு. அதே மாதத்தில் அவர் தங்கைக்கும் ஏதோ பண நெருக்கடி, அவர்தான் பார்த்துக்கொண்டார் என்று வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

அவர் பக்கமும் ஒன்று உண்டு. பிறந்தநாளுக்குக் கியர் வைத்த சைக்கிள் வாங்கிக் கொடுத்துவிட்டு, அதில் என் பங்கு இவ்வளவு என்று கணக்கு அனுப்பினார். பையன் சைக்கிளில் ஏறி வந்து என்னிடம் காட்டிய அதே சாயங்காலம். நான் தரவில்லை, இன்றைக்கும் அது சரியென்றே நினைக்கிறேன். பரிசு என்றால் பரிசுதான். பாதிப் பணம் இன்னொருவரிடம் வாங்கிக்கொண்டு முழுப் பெயரையும் ஒருவர் எடுத்துக்கொள்ளக் கூடாது. கண் பரிசோதனைக்கு அப்புறம் நாங்கள் பேசிப் புதிதாக எழுதிக்கொண்ட தாளில் அது எழுதியே இருக்கிறது: பிறந்தநாள், பண்டிகை, சும்மா ஆசைப்பட்டு வாங்கிக் கொடுப்பது, இவை யார் வாங்கினாரோ அவர் செலவு.

ஜெர்மனியில் இந்தக் கூடுதல் செலவையே இரண்டாகப் பிரிக்கிறார்கள். தொடர்ந்து வரக்கூடியது, முன்கூட்டியே தெரிகிறது என்றால் அது மேர்பெடார்ஃப். காப்பகச் செலவு, நீண்ட நாள் சிகிச்சை, தொடர்ந்து போகிற டியூஷன் எல்லாம் அந்த வகை. திடீரென்று வருகிற, பெரிய, யாரும் எதிர்பார்க்காத செலவு சோண்டர்பெடார்ஃப். பெயர் வாயில் நுழையாவிட்டாலும் பிரிவு ரொம்ப நல்ல பிரிவு. முதல் வகையை முன்னாலேயே கணக்குப் போட்டு மாதத் தொகையோடு சேர்த்துக் கேட்டுவிடலாம், ஒவ்வொரு தடவையும் பில் அனுப்பிக் கெஞ்ச வேண்டியதில்லை. இரண்டாவது வகைக்கு மட்டும்தான் அவ்வப்போது பேச வேண்டும். எங்கள் சண்டைகளை எடுத்து அடுக்கிப் பார்த்தேன், முக்கால்வாசி முதல் வகை. ஒவ்வொரு வருஷமும் பள்ளி திறக்கும்போது கட்டணம் ஏறும் என்பது யாருக்குத் தெரியாது? அதைக்கூட நாங்கள் திடீர்ச் செலவு மாதிரிதான் நடத்திக்கொண்டிருந்தோம்.

அப்புறம் பங்கு. பாதிப்பாதி என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஒருவர் மற்றவரைவிட இரண்டு மடங்கு சம்பாதிக்கிறார் என்றால், அதே பாதி ஒருவருக்கு ஒரு வாரச் சம்பளம், இன்னொருவருக்கு இரண்டு வாரச் சம்பளம். அதனால் பல இடங்களில் வருமானத்துக்குத் தகுந்த பங்கு என்றுதான் வைக்கிறார்கள். கனடா விதிகள் அப்படித்தான், ஜெர்மனியிலும் அப்படித்தான். இந்திய உச்ச நீதிமன்றம் 2020-ல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் கொடுத்த தீர்ப்பில், பிள்ளைகளின் படிப்புச் செலவை வழக்கமாகத் தகப்பன் ஏற்க வேண்டும், தாயும் போதுமான அளவு சம்பாதித்தால் இருவரும் விகிதப்படி பகிரலாம் என்று சொல்லியிருக்கிறது. அதே தீர்ப்பு இன்னொன்றும் செய்தது: பராமரிப்பு வழக்குகளில் இரண்டு பேரும் தங்கள் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும் என்றது. விகிதம் என்று பேச ஆரம்பித்தால் இது இல்லாமல் நகராது. அவர் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்று எனக்குத் தெரியாது, நான் எவ்வளவு என்று அவருக்குத் தெரியாது, ஆனால் இரண்டு பேரும் மற்றவர் நிறைய வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். சம்பளச் சீட்டை மேசைமேல் வைத்த அன்றைக்குத்தான் அந்தச் சந்தேகம் போனது.

எங்கள் விகிதம் மூன்றுக்கு இரண்டு. அவர் 60 சதவீதம், நான் 40. கையில் வருகிற சம்பளத்தை வைத்துப் போட்டது. வருஷத்துக்கு ஒரு தடவை, பள்ளி திறப்பதற்கு ஒரு மாதம் முன்னால், மறுபடி பார்க்க வேண்டும் என்றும் எழுதிக்கொண்டோம். வேலை போனால் உடனே சொல்ல வேண்டும், அப்போது நடுவிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

யாரைக் கேட்டுச் செய்வது என்பதில்தான் ரொம்ப நேரம் பிடித்தது. இத்தாலியில் பல நீதிமன்றங்கள் இதற்கென்று நெறிமுறை வைத்திருக்கின்றன, கேட்காமலே செய்யக்கூடிய செலவுகள் ஒரு பட்டியல், கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டியவை இன்னொரு பட்டியல். கேட்டு எழுதி அனுப்பிய பிறகு குறிப்பிட்ட நாட்களுக்குள் மறுப்பு வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாம் என்று அவற்றில் பலவற்றில் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு எங்கள் மத்தியஸ்தரிடம் காட்டினேன், அவர் இதை வைத்தே எங்களை மூன்று வகை போடச் சொன்னார்.

முதலாவது, கேட்க வேண்டாம், சொன்னால் போதும். டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்து, சோதனை, கண்ணாடி, அவசர சிகிச்சை, பள்ளியே கட்டாயமாக்கிய கட்டணம், தேர்வுக் கட்டணம். பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கும்போது யாரும் யாருடைய பதிலுக்கும் காத்திருக்கக் கூடாது. இரண்டாவது, கேட்டுவிட்டுச் செய்வது. பல் சீரமைப்பு மாதிரி அவசரமில்லாத பெரிய சிகிச்சை, பள்ளி மாற்றம், டியூஷன், லேப்டாப், சுற்றுலா. எழுத்தில் கேட்க வேண்டும், ஏழு நாளில் பதில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் சம்மதம். வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும், "இப்ப முடியாது" என்று மட்டும் சொன்னால் போதாது, எப்போது முடியும் அல்லது வேறு என்ன வழி என்றும் சொல்ல வேண்டும். மூன்றாவது, இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால்தான் பங்கு. புது வகுப்பு, விலை கூடிய விளையாட்டுச் சாமான், முகாம். ஒருவருக்கு மட்டும் விருப்பம் என்றால் அவர் தாராளமாகச் செய்யலாம், முழுச் செலவும் அவருடையது, மற்றவர்மேல் குறை சொல்லக் கூடாது, முக்கியமாகப் பிள்ளையிடம் சொல்லக் கூடாது. கீபோர்டு இப்போதும் முழுக்க என் செலவுதான். எனக்கு அதில் வருத்தமில்லை.

இவ்வளவு எழுதியும் ஒரு விஷயம் தீராமல் இருந்தது. பிள்ளை யாரோடு இருக்கிறதோ அவர்தான் முதலில் கையிலிருந்து போட வேண்டியிருக்கிறது. ஆஸ்பத்திரிக் கவுண்டரில் நிற்கும்போது நாற்பது சதவீதம் மட்டும் கட்டிவிட்டு வர முடியாது. முழுவதும் கட்டிவிட்டு, அப்புறம் கேட்டு, ஞாபகப்படுத்தி, மறுபடி ஞாபகப்படுத்தி... அந்த மூன்றாவது ஞாபகப்படுத்தலில்தான் மனசு உடையும். பணம் வரும், ஆனால் வருகிற பணம் யாசகம் மாதிரி இருக்கும். எனக்கு ரொம்ப வலித்தது அதுதான். கொடுக்கிறவருக்கும் அது நிம்மதியில்லை என்று அவரே பின்னால் சொன்னார், போனில் என் பெயர் வந்தாலே என்ன பில்லோ என்று வயிற்றைப் பிசையுமாம்.

அதற்கு நாங்கள் கண்ட வழி ஒரு தனிக் கணக்கு. இரண்டு பேர் பெயரிலும் ஒரு வங்கிக் கணக்கு, மகனின் கூடுதல் செலவுக்கு மட்டும். போன இரண்டு வருஷத்தில் என்னென்ன கூடுதல் செலவு வந்தது என்று பழைய பில்களைத் தோண்டி எடுத்துக் கூட்டினோம், அதை இருபத்துநாலு மாதத்துக்கு வகுத்தோம், மாதாமாதம் சம்பளம் வந்த மறுநாள் மூன்றுக்கு இரண்டு என்று இருவரும் போடுகிறோம். யார் செலவு செய்தாலும் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறோம். ஒரு கூகுள் ஷீட் இருக்கிறது, தேதி, எதற்கு, எவ்வளவு, பில் படம். அவ்வளவுதான். கேட்கிறவர், கொடுக்கிறவர் என்ற இரண்டு பேர் அதில் இல்லை, இரண்டு பேருமே போட்டவர்கள். ஒரு மாதம் செலவே வராது, பணம் சேரும். ஒரு மாதம் மொத்தமாகக் கரையும். கணக்கு ஒரு அளவுக்குக் கீழே போனால் மட்டும் பேசிக்கொள்கிறோம்.

எல்லோருக்கும் இது ஒத்துவராது. கூட்டுக் கணக்கு வைக்கிற அளவு நம்பிக்கை இல்லாதவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு மாதக் கடைசியில் ஒரே ஒரு கணக்குச் செய்தி போதும், அவரவர் செலவைச் சேர்த்து, வித்தியாசத்தை மட்டும் ஒருவர் மற்றவருக்கு அனுப்புவது. எப்படிச் செய்தாலும் பில்லைச் சேர்த்து வைக்காதீர்கள். நான் ஒரு வருஷம் முழுக்க எதுவும் அனுப்பாமல் பெருந்தன்மையாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, கடைசியில் ஒரு கோபத்தில் பதினொரு பில்லை ஒரே நேரத்தில் அனுப்பினேன். அவர் என்ன செய்வார்? மருந்துச் சீட்டிலிருந்து மை பாதி அழிந்துபோயிருந்தது, எது எதற்கு என்று எனக்கே மறந்துவிட்டது. ஜெர்மனியில்கூட அந்தத் திடீர்ச் செலவை, முன்பே கேட்டு வைக்காவிட்டால், செலவு வந்த ஒரு வருஷத்துக்குள் கேட்க வேண்டும். எங்கள் தாளில் முப்பது நாள். அதற்குள் ஷீட்டில் ஏறாத செலவு செய்தவருடையது.

காப்பீடு இருந்தால் முதலில் அதில் வாங்கிவிட வேண்டும், அப்புறம் மிஞ்சியதைத்தான் பங்கு போட வேண்டும். உதவித்தொகை வந்தாலும், ஆபீசில் பிள்ளை படிப்புக்கென்று ஏதாவது கொடுத்தாலும், வரிச் சலுகை கிடைத்தாலும் அதைக் கழித்துவிட்டுத்தான். இதைச் சொல்லாமல் விட்டால் என்றைக்காவது தெரியும், தெரிகிற அன்றைக்கு அதுவரை அனுப்பிய நேர்மையான பில் எல்லாம் சந்தேகத்துக்கு வந்துவிடும்.

இன்னொன்று, கூடுதல் செலவு பாக்கி இருக்கிறது என்று மாதத் தொகையைக் குறைப்பதோ, பணம் வரவில்லை என்று பிள்ளையைப் பார்க்க விடாமல் செய்வதோ கூடவே கூடாது. மூன்றும் மூன்று தனி விஷயம். நீதிமன்றத்துக்குப் போனாலும் இப்படிச் செய்தவருக்குத்தான் கெட்ட பெயர். பிள்ளை கண்ணுக்கு அது எப்படித் தெரியும் என்பதுதான் அதைவிடப் பெரியது: தன்னைப் பார்ப்பதற்கு ஒரு விலை இருக்கிறது என்று அது புரிந்துகொள்ளும்.

"உங்கப்பாகிட்ட கேளு" என்ற இரண்டு வார்த்தையை நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எண்ணிப் பார்க்கவே பயமாக இருக்கிறது. ஷூ வேண்டும் என்பான், உங்கப்பாகிட்ட கேளு. சுற்றுலாத் தாளை நீட்டுவான், உங்கப்பாகிட்ட கேளு. எனக்கு அது ஒரு சின்ன வாக்கியம், அவனுக்கு அது தூது போகிற வேலை. அங்கே போய்க் கேட்டால் "உங்கம்மாவுக்கு மாசாமாசம் அனுப்புறேனே" என்று பதில் வரும், அதை இங்கே கொண்டுவந்து சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பான். கடைசியில் கேட்பதையே நிறுத்திவிட்டான். பிள்ளை எதுவுமே கேட்காமல் சமத்தாக இருக்கிறது என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு இருந்தேன். உங்கள் வீட்டிலும் பிள்ளை திடீரென்று எதுவும் கேட்காமல் ஆகிவிட்டால் சந்தோஷப்படாதீர்கள், ஒரு நாள் அதன் பள்ளிப் பையைத் திறந்து பாருங்கள், செருப்பைத் திருப்பிப் பாருங்கள்.

நான் சொல்வதெல்லாம் எதிர்ப்பக்கம் பேசக்கூடிய ஒருவர் இருந்தால்தான் நடக்கும், தெரியும். எதுவுமே தராதவர், வருமானத்தை மறைப்பவர், பேசினாலே மிரட்டுபவர் என்றால் கூகுள் ஷீட் என்ன செய்யும்? அடி, உதை, மிரட்டல் இருந்த இடத்தில் நேரில் உட்கார்ந்து பேசச் சொல்லவே மாட்டேன், வக்கீல் வழியாகவோ நீதிமன்றம் வழியாகவோ மட்டும்தான். அங்கேயும் எழுத்துதான் துணை. உத்தரவில் "அவசியச் செலவு" என்று பொதுவாக எழுதியிருந்தால் வசூலிப்பது கஷ்டம், எந்தச் செலவு, எத்தனை சதவீதம், பில் கொடுத்த எத்தனை நாளில், எந்தக் கணக்கில் என்று எழுதியிருந்தால் தரவில்லை என்பதைக் காட்டுவது சுலபம். உங்கள் ஊர்ச் சட்டம் தெரிந்த வக்கீலிடம் இந்த ஒரு பத்திக்காகவாவது ஒரு மணி நேரம் செலவு செய்யுங்கள். இங்கிலாந்தில் அரசின் குழந்தைப் பராமரிப்பு சேவை போடுகிற மாதக் கணக்குக்குள் பள்ளிக் கட்டணம் வராது, அதற்குத் தனியாக நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், பிள்ளைக்கு உடல் குறைபாடு இருந்து அதனால் ஆகும் செலவும் அப்படித்தான். இடத்துக்கு இடம் இப்படி மாறுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் வழக்கில் என்ன நடந்தது என்பதை வைத்து உங்கள் கணக்கைப் போடாதீர்கள்.

பெற்ற பிள்ளைக்குப் போய் இவ்வளவு கணக்கா என்று என் அம்மா கேட்டாள். அவளுக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை, சொந்தப் பிள்ளைக்குச் செலவு செய்ய ஷீட் எதற்கு, ஏழு நாள் எதற்கு என்று. நான் அவளிடம் பசை வைத்து ஒட்டிய அந்தக் கண்ணாடியை எடுத்துக் காட்டினேன். அதைத் தூக்கிப் போடாமல் அலமாரியில்தான் வைத்திருக்கிறேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் சமையலறைக்குப் போய்விட்டாள். மறுபடி அதைப் பற்றிக் கேட்கவில்லை.

இன்னும் எங்களுக்குத் தீராமல் இருப்பது மேற்படிப்பு. பல இடங்களில் பதினெட்டு வயதோடு பராமரிப்புக் கடமை முடிகிறது, பெரிய செலவு அங்கேதான் ஆரம்பமாகிறது. இத்தாலி மாதிரி சில நாடுகளில் பிள்ளை சொந்தக் காலில் நிற்கும்வரை பெற்றோரின் கடமை தொடர்கிறது, எல்லா இடத்திலும் அப்படி இல்லை. எங்கள் ஒப்பந்தத்தில் கல்லூரி என்ற சொல்லே கிடையாது. அவனுக்கு இப்போது பதினாலு. இன்னும் நாலு வருஷம் இருக்கிறதே என்று விட்டால் நாலு வருஷம் கழித்து சேர்க்கைக் கடைசி நாளன்று இரண்டு பேரும் போனில் கத்திக்கொண்டு இருப்போம், பக்கத்து அறையில் அவன் கேட்டுக்கொண்டு இருப்பான். எந்த மாதிரிக் கல்லூரி, விடுதியா வீடா, கடன் எடுத்தால் யார் பெயரில், அவன் பங்கு ஏதாவது உண்டா, இதையெல்லாம் இப்போதே பேசிவிட வேண்டும் என்று கேட்டேன். சரி என்றிருக்கிறார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உட்காருகிறோம். விகிதத்தையும் அன்றைக்கே மறுபடி போட வேண்டும். இந்த வருஷம் என் சம்பளம் கூடியிருக்கிறது, நாற்பது என்பது நாற்பத்தைந்து வரைக்கும் போகும் என்று நினைக்கிறேன். அவர் கேட்கும்வரை காத்திருக்கவில்லை, நேற்று ராத்திரியே சம்பளச் சீட்டை ஷீட்டில் ஏற்றிவிட்டேன்.